பழைய காருக்குப் புதிய துருத்தி

சங்க மலருக்குக் கட்டுரை என்றதும் சிலம்பின் பக்கமோ கம்பனின் பக்கமோ திரும்புவது நம்மவர் வழக்கம். நாம் இம்முறை ஒரு பழைய காரின் எஞ்சினுக்குள் தலையை விடத் துணிந்திருக்கிறோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இலக்கியம் அறவே இல்லாமற் போகாது. சற்றுக் காத்திருந்தால் குறுந்தொகையும் வந்து சேரும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வெளியூர் அன்பர்களுக்கு எளிதில் விளங்காது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. எனவே நமக்கு வீட்டு வரி ஒரு மாநிலத்தில், பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் மற்றொரு மாநிலத்தில். நம் முன்னோர் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பாலராமபுரத்துத் தறிகளை நம்பி வந்தவர்கள். அவர்கள் எல்லை எதையும் தாண்டியதாக எண்ணியிருக்க மாட்டார்கள். பின்னாளில் எல்லைதான் நடந்து வந்து களியக்காவிளையில் நின்றுகொண்டது.

அந்த எல்லையைத் தாண்டிவந்த பொருள்களுள் நம் அண்ணனின் காரும் ஒன்று. அண்ணன் தம்மாமில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். ஊரில் வீடு கட்டி முடித்து, கடன் தீர்ந்து, மீதமிருந்த பணத்தில் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான். நாகர்கோவிலில் ஒரு மருத்துவர் வைத்திருந்த, 2005ஆம் ஆண்டு பதிவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வெளியே பார்த்தால் நான்கு கதவுள்ள குடும்பக் கார். உள்ளே 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதன் பக்கவாட்டில் ஒரு டர்போ, மொத்தம் 150 குதிரைத்திறன். நம் சாலைகளில் அந்நாளில் ஓடிய பெரும்பாலான கார்களுக்கு இதில் பாதியும் இல்லை. 2011இல் அது வந்து சேர்ந்தபோது, நாகர்கோவில் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று, கேரளத்தில் மீண்டும் வரி கட்டி, டி.என்.74 என்றிருந்த பலகையைக் கே.எல்.19 என்று மாற்றுவதற்குள் அண்ணனுக்குத் தலைமயிர் சிறிது நரைத்துவிட்டது. அந்தக் காகித வேலை அனைத்தையும் செய்தவர் நாமே. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்குக் குடும்பத்தில் கிடைக்கும் மரியாதை அது.

அந்த டர்போ என்பது யாது என்று சொல்லிவிடுவது நலம். எஞ்சின் பெட்ரோலை மட்டும் உண்பதில்லை, காற்றையும் உண்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன்னால் இழுக்க இயன்ற காற்றையே இழுக்கும். டர்போ பொருத்திய எஞ்சினிலோ, வீணாக வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியலாம், திறன் கூடும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அச்சைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே. 1905இல் ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல்களுக்கும் வானூர்திகளுக்கும் பயன்பட்ட பின்னரே கார்களுக்கு வந்தது.

இதற்குத் தமிழ்ப்பெயர் தேடியவர்கள் பலர். ‘சுழலி மிகையூட்டி’ என்றெல்லாம் ஆக்கியுள்ளனர். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள மெக்கானிக்குகள் அனைவரும் ‘டர்போ’ என்றே சொல்கின்றனர். நாமும் அவர்கள் பக்கமே. ‘டர்போ’ என்ற லத்தீன் சொல்லுக்குச் சுழற்காற்று என்றும் பம்பரம் என்றும் பொருள் உண்டு. பம்பரம் விட்ட கைகளுக்கு அது அந்நியச் சொல் ஆகாது.

அதன் தொழிலை நோக்கினால் பம்பரத்தைவிடத் துருத்தி என்பதே பொருந்தும். கொல்லன் உலையில் காற்றை ஊதித் தீயை வளர்ப்பது துருத்தி. இங்கே உலை தன் புகையாலேயே தன் துருத்தியை இயக்கிக்கொள்கிறது. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய ஒரு பாட்டு உண்டு. ஏழு ஊர்களுக்கும் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த கொல்லுலை. அதன் துருத்திக்கு ஓய்வே இல்லை. ஏழூர் வேலையும் அதன் தலையில். பிரிவில் வருந்தும் தலைவியின் நெஞ்சு அந்தத் துருத்தியைப் போல வரம்பின்றி வருந்துகிறதாம். மாணவப் பருவத்தில் தேர்வுக்காகப் படித்த பாட்டு. இத்தனை ஆண்டுகள் கழித்து அது களியக்காவிளையில் ஒரு ஒர்க் ஷாப்பில் நினைவுக்கு வரும் என்று நாம் எதிர்பார்த்ததில்லை.

2021இல் அண்ணன் மறைந்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்திற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நாம் மைனியின் கையொப்பம் வாங்கி, அவர்கள் பெயருக்கே பதிவை மாற்றினோம். (அண்ணன் மனைவியை நம் பக்கத்தில் மைனி என்போம்.) அண்ணனுக்கு ஒரே மகன். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. 2024இன் தொடக்கத்தில் அவன் தந்தையின் காரை மீண்டும் ஓட்டத் தொடங்கினான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. மேட்டில் ஏறும்போது பழைய இழுவை இல்லை. உள்ளிருந்து ஊமைச் சங்கு ஊதுவது போன்ற ஓசை. களியக்காவிளையில் ‘ஆசான்’ என்று எல்லோரும் அழைக்கும் ஒரு முதிய மெக்கானிக் இருக்கிறார். அவர் குழாயைக் கழற்றி, டர்போவின் அச்சை இரு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையக்கூடாத அளவுக்கு அசைந்தது. எண்ணெய் வரும் மெல்லிய குழாய், கரி படிந்து ஏறக்குறைய அடைபட்டிருந்தது. வேகமாக ஓட்டிவந்து உடனே எஞ்சினை நிறுத்தினால், சூட்டில் நின்றுபோன எண்ணெய் கருகிவிடும். டர்போக்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான் என்றார். இரு மாநிலத்து வண்டிகளும் அவர் கொட்டகையில் வரிசையாக நின்றன. ஏழூர்க் கொல்லுலை நினைவுக்கு வந்தது அங்கேதான்.

பழைய டர்போவைச் செப்பனிடலாம். அதே அளவில் வேறொன்று வாங்கலாம். மகன் மூன்றாவது வழி ஒன்றை ஏற்கெனவே படித்து வைத்திருந்தான். அந்தக் காரில் உள்ளது கே03 என்னும் சிறிய டர்போ. அதைக் கழற்றிவிட்டுக் கே04 என்னும் பெரியதைப் பூட்டினால் திறன் இருநூறைத் தாண்டும். ‘‘எப்படியும் மாத்தணும் சித்தப்பா, அப்பம் பெருசா மாத்தினா என்ன?’’ என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதே. அதனால்தான் நாம் ஒரு மாதம் அதைப் படித்தோம். பி.ஏ. வரலாறு படித்தவனுக்கு இது வேண்டாத வேலை என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். வரலாறு படித்தவனுக்குரிய வழியிலேயே நாம் அதை அணுகினோம்.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. அழுத்திய காற்று சூடேறி, பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே வெடிக்காமலிருக்க, மெத்தனாலும் நீரும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். பின்னர் அந்நிறுவனமே பல கார்களில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. 1973இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவை வெளியிட்ட நேரத்தில் எண்ணெய் நெருக்கடி வந்து அதன் வாழ்வைச் சுருக்கியது. 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு வேறு வகைப் புகழ். அதன் பெரிய டர்போ உடனே விழித்துக்கொள்ளாது. ஓட்டுநர் வளைவில் காலை அழுத்துவார், ஒன்றும் நேராது, பின்னும் அழுத்துவார், அப்போது திறன் முழுவதும் ஒருசேர வந்து பின்சக்கரங்களை வழுக்கிவிடும். கைம்பெண்களை ஆக்குவது என்ற பொருளில் அதற்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் நாம் மைனியிடம் சொல்லவில்லை.

இதற்கு மாறாக, ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம் 1970களின் இறுதியில் 99 டர்போவைச் செய்தபோது வேண்டுமென்றே சிறிய டர்போவைத் தேர்ந்தது. அழுத்தம் மிகும்போது உபரிப் புகையை வெளியேற்ற ஒரு கதவு வைத்தது. உச்ச வேகம் அவர்களின் நோக்கமன்று. சாதாரண வேகத்தில், லாரியை முந்தும் அந்த ஒரு கணத்தில், இழுவை கைக்கு வர வேண்டும் என்பதே. ஆக்டேவியாவின் கே03 அந்த மரபில் வந்தது. நிமிடத்திற்கு இரண்டாயிரம் சுற்றை எட்டுவதற்குள் விழித்துக்கொள்ளும். பெரிய சக்கரத்துக்கு எடை மிகுதி. சுழல நேரம் பிடிக்கும். நெய்யாற்றின்கரையில் ஓடும் காருக்கு எது தேவை என்பதை அங்கேயே முடிவு செய்திருக்கலாம்.

ஆனால் இளைஞர்களை வரலாற்றால் வெல்ல முடியாது. அவன் ஒரு சான்று காட்டினான். ஆடி என்னும் ஜெர்மன் நிறுவனம் இதே 1.8 லிட்டர் எஞ்சினில் கே04 வகை டர்போவைப் பூட்டி, டிடி என்ற விளையாட்டுக் காரில் 225 குதிரைத்திறன் எடுத்திருக்கிறது. கம்பெனியே செய்ததை நாம் செய்தால் என்ன என்பது அவன் வாதம். உண்மைதான். அந்த 225 குதிரைகளுக்காக ஆடி வேறு என்னென்ன மாற்றியது என்று இருவரும் உட்கார்ந்து பட்டியலிட்டோம். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றுக்கு இரண்டு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் பெரியவை. எஞ்சினின் கணினிக்கு வேறு கணக்கு. திறனை இரு சக்கரங்களுக்குத் தராமல் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தார்கள். அண்ணனின் காரில் முன்சக்கரங்கள் இரண்டே இழுக்கின்றன. திசை திருப்புவதும் அவையே. இவற்றோடு கிளட்ச், பெட்ரோல் பம்பு, புகைக்குழாய், பிரேக் என்று பட்டியல் நீண்டது. டர்போ ஒன்றை மாற்றுவதாகத் தொடங்கிய பேச்சு, கார் முழுவதையும் மாற்றுவதில் வந்து நின்றது. எதையும் மாற்றாமல் டர்போவை மட்டும் மாற்றினால், இருபது ஆண்டு தேய்ந்த கனெக்டிங் ராடுகளே அந்த வெடிப்பு முழுவதையும் தாங்க வேண்டும்.

பணம் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றலாமே என்றான். இலட்சக் கணக்கு, இருந்தாலும் அவன் சம்பாதிப்பவன், நாம் தடுக்க உரிமையில்லை. அப்போதுதான் நமக்குப் பழக்கமான ஆயுதத்தை, அதாவது சட்டப் புத்தகத்தை, எடுத்தோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரி 9ஆம் நாள் இதை உறுதி செய்தது. மகன் உடனே, ‘‘டர்போ மாத்தினா சி.சி. மாறாது சித்தப்பா, பேப்பர்ல ஒண்ணும் வித்தியாசம் வராது’’ என்றான். அவன் புத்திசாலி. 1.8 லிட்டர் என்பது சிலிண்டர்களின் கொள்ளளவு. எவ்வளவு காற்றைத் திணித்தாலும் அது மாறாதுதான். ஆனால் பதிவுக்கான படிவம் 20இல் கொள்ளளவுக்கு ஓர் இடமும் குதிரைத்திறனுக்குத் தனியே ஓர் இடமும் உண்டு. படிவங்களின் கட்டங்களைப் படிக்கும் வழக்கம் எழுத்தர்களுக்கே உரியது. அதனால் ஒருமுறையேனும் பயன் விளைந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது எதிரே வந்து நிற்கும் என்பதையும் எடுத்துக் காட்டினோம்.

அபராதம் வந்தால் நான் கட்டிக்கொள்கிறேன் என்றான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவை அவனையே படிக்கச் சொன்னோம். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தண்டனை யாருக்கு? ஓட்டியவனுக்கு என்று இல்லை. பூட்டிக்கொடுத்த மெக்கானிக்குக்கு என்றும் இல்லை. வண்டியின் உரிமையாளருக்கு.

பதிவுச் சான்று மேசைமேல் கிடந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவன் தாயின் பெயர்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. மைனி அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சட்டமோ குதிரைத்திறனோ அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ‘‘தம்பி, உங்க அண்ணன் ஒரு நாளும் இதில அறுபதுக்கு மேல போனதில்ல. பின்ன எதுக்கு இத வாங்கினாருன்னு நான் கேட்டதும் இல்ல. இவன் ராத்திரி பதினொரு மணிக்கு வருவான். அமரவிளைப் பாலம் தாண்டி வாற சத்தம் கேக்குதான்னு நான் கெடந்து கேட்டுட்டு இருப்பேன். சத்தம் கூடுனா எனக்கு ஒறக்கம் இல்ல, அவ்வளவுதான்’’ என்றார்கள். பாலம் வீட்டிலிருந்து நெடுந்தொலைவு. அங்கிருந்து ஓசை கேட்க வழியே இல்லை. அதை நாம் எடுத்துச் சொல்லவில்லை.

அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பாலராமபுரம் முதல் களியக்காவிளை வரை அந்தச் சாலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேசிய நெடுஞ்சாலை 66 என்பது பெயர். பல இடங்களில் கடையின் படி இறங்கினால் சாலை. எதிரும் புதிருமாகப் பேருந்துகள், உதியன்குளங்கரையில் பள்ளிப் பிள்ளைகள், பாறசாலையில் இரயிலைப் பிடிக்க ஓடும் நம்மைப் போன்ற எழுத்தர்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். நாற்பதில் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் எண்பதில் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. இந்தக் கணக்கு எந்த டர்போவுக்கும் அஞ்சாது.

வேகத்தின்மேல் நமக்குப் பகையில்லை. அதற்கும் தமிழ்நாட்டில் மரபு உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில் போர்க்கால விமானத் தளம் பந்தயக் களமாயிற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்தது. கோவையில் தம் கைப்படப் பந்தயக் கார்களை உருவாக்கி, இளைஞர்கள் பலரை ஓட்டுநர்களாக்கிய கரிவரதன் 1995இல் மறைந்தார். அவர் பெயரில் 2003 முதல் செட்டிபாளையத்தில் ஒரு களம் இயங்குகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே பையனூரில் டர்போக்களையே செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. 1982இல் தோன்றிய டர்போ எனர்ஜி என்ற அந்நிறுவனம், கே03, கே04 ஆகியவற்றை வடிவமைத்த அதே ஜெர்மன் நிறுவனத்தின் கூட்டில் வளர்ந்தது. பாலராமபுரத் தறிக்காரர் பேரன் டர்போவைப் பற்றிக் கனவு காண்பதில் தவறொன்றும் இல்லை. பெரிய டர்போவை விழிக்கச் செய்யும் இடம் அத்தகைய களம். அங்கே எதிரே பேருந்து வராது.

இறுதியில் ஆசானிடம் அதே அளவுள்ள கே03 டர்போவையே பூட்டச் சொன்னோம். எண்ணெய்க் குழாய்கள் புதியவை. வெடித்துக் கிடந்த இரப்பர்க் குழாய்கள் அனைத்தும் மாறின. பழைய இழுவையில் ஒரு பகுதி அந்த வெடிப்புகள் வழியாகவே கசிந்திருந்தது என்று ஆசான் காட்டினார். மிஞ்சிய பணத்தில் நான்கு டயர்கள், நான்கு பிரேக் தட்டுகள். பிரேக் தட்டுக்குச் செலவிடுவது மகனுக்கு முதலில் கசந்தது. எவரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாத செலவு அது. வேலை முடிந்து, பார்வதிபுரம் வரை போய்வரலாம் என்று நம்மை ஏற்றிக்கொண்டான். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறுகையில் கார் எவ்வித முனகலும் இன்றி இழுத்தது. அண்ணன் இருந்த காலத்திலும் நாம் அதை அப்படி உணர்ந்ததில்லை. ‘‘இது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது சித்தப்பா’’ என்றான்.

2025இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மைனியின் கையொப்பத்தோடு விண்ணப்பம் கொடுத்து, காரைக் காட்டினோம். ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் பார்த்தார், சேசிஸ் எண்ணைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பிரேக் பிடிக்கச் சொன்னார். பிரேக் நன்றாக இருக்கிறதே என்று மலையாளத்தில் பாராட்டினார். அடுத்த புதுப்பிப்பு 2030இல்.

கழற்றிய பழைய டர்போவை ஆசான் எடைக்குப் போடவில்லை. மகன் வாங்கி வந்து துடைத்துத் தன் அறையில் வைத்திருக்கிறான். இரவில் வீடு வந்தால் எஞ்சினை உடனே நிறுத்துவதில்லை. எண்ணெய் சூடு தணிய ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுகிறான். அந்த ஒரு நிமிட ஓசை கேட்டால்தான் மைனி விளக்கை அணைக்கிறார்கள். சென்ற தை மாதம் குழித்துறையில் ஒரு திருமணத்துக்கு அவர்களை அதே காரில் அழைத்துச் சென்றான். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் முன்னிருக்கையில் அமர்ந்தது அதுவே முதல்முறை. எவ்வளவு வேகத்தில் போனான் என்று நாம் கேட்டோம். மைனி பதில் சொல்லாமல் சிரித்தார்கள்.